கப்பலில் "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொன்னால் என்ன நடக்கும்?

கொட்டகலைப் பையன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் ஒரு பல்க் கெரியரில், அதாவது நிலக்கரி, தானியம் மாதிரிச் சரக்கைக் கொட்டி ஏற்றுகிற கப்பலில், ஓ.எஸ். ஆக, ஆகக் கீழ்ப்படி டெக் மாலுமியாக, ஏறப் போகிறேன். முதல் கப்பல். எங்கள் டிவிஷனிலிருந்து கப்பலுக்குப் போகிற முதல் ஆளும் நான்தான். வீட்டில் கேட்டுப் பார்க்க யாரும் இல்லை. இங்கே கப்பலில் இருந்தவர்கள் சிலர் இருக்கிறீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

கொழும்பில் அடிப்படைப் பயிற்சி முடித்துவிட்டேன். தீயணைப்பு, கடலில் உயிர் தப்புவது, முதலுதவி, அப்புறம் சொந்தப் பாதுகாப்பும் பொறுப்பும் என்று ஒரு பாடம். அந்தப் பாடத்தில் சேர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆபத்து என்று பட்டால் வேலையை நிறுத்தச் சொல்ல ஆகக் கீழே இருப்பவனுக்கும் உரிமை உண்டு, அதற்காகக் கெப்டன்கூடக் கோபிக்கக் கூடாது என்று. வகுப்பில் எல்லோரும் தலையாட்டினோம். தேநீர் நேரத்தில் வேறொரு கோர்ஸுக்கு வந்திருந்த ஓர் அண்ணன் சொன்னது வேறு. "அதெல்லாம் சுவரில் ஒட்டுகிற போஸ்டர் தம்பி. போசன் சொன்னால் செய். இரண்டாவது கொன்ட்ராக்ட் வேண்டுமென்றால் வாயைத் திறக்காதே." போசன் என்றால் டெக் மாலுமிகளுக்குத் தலைவர்.

எது உண்மை?

நான் வளர்ந்த இடத்தைச் சொன்னால் என் பயம் புரியும். அம்மா கொழுந்து எடுப்பவர். போன வருடம் அவர்கள் கொழுந்து எடுக்கப் போகிற மலையில் ஒரு மரத்தில் பெரிய குளவிக்கூடு. பெண்கள் காலையில் பெரட்டில், வேலை பிரிக்கிற இடத்தில், சொன்னார்கள். "பார்க்கலாம், போய் வேலையைப் பாருங்கள்" என்று பதில் வந்தது. அடுத்த நாளும் சொன்ன இரண்டு பேருக்கு, மலைக்குப் பிந்திப் போனார்கள் என்று அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்த வாரமே கூடு கலைந்தது. லொறியில் ஏற்றித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அம்மாவுக்குக் கண் திறக்க முடியாத அளவுக்கு முகம் வீங்கியிருந்தது. கூடையைக் கழற்றக்கூட நேரம் கிடைக்கவில்லை, தலையில் கயிற்றோடுதான் ஓடி வந்திருக்கிறார்.

கப்பலும் இப்படித்தானா? ஏறுகிற கப்பல் எப்படிப்பட்டது என்று புதிதாகப் போகிற ஒருவன் எப்படிக் கண்டுபிடிப்பது? எந்த வேலைக்கு எப்படியாவது "பொறுங்கள்" என்று சொல்லியே ஆக வேண்டும்?

மஸ்கெலியா ஏபி எழுதியது:

வாழ்த்துகள் தம்பி. நான் இப்போது கொள்கலன் கப்பலில் ஏபி, ஓ.எஸ்.ஸுக்கு அடுத்த படி மாலுமி. லீவில் வீட்டில் இருக்கிறேன்.

என் அபிப்பிராயம், முதல் இரண்டு மாதம் அதிகம் பேச வேண்டாம். எந்த வேலை எப்படி நடக்கிறது என்றே தெரியாமல் எல்லாவற்றுக்கும் கை தூக்கினால், உண்மையிலேயே ஆபத்தான இடத்தில் நீங்கள் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட், சப்பாத்து, கையுறை இல்லாமல் டெக்கில் இறங்க வேண்டாம். உங்கள் முறை வோட்ச் வேலை முடிந்ததும் போனை வைத்துவிட்டுத் தூங்குங்கள். நான் பார்த்த அடிபடல்களில் பாதி தூக்கக் கலக்கத்தில் நடந்தது.

அந்த அண்ணன் சொன்னதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. கப்பலுக்கு ஆள் எடுக்கிற மெனிங் ஏஜென்சியிடம் உங்கள் பெயர் கெட்டால் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டி வரும். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹப்புத்தளை போசன் எழுதியது:

தம்பி, முதலில் அம்மா இப்போது சுகமா? குளவி கொட்டியவர்களுக்கு அடுத்த தடவை உடம்பு தாங்காமல் போகலாம். மலைக்குப் போகுமுன் டொக்டரிடம் காட்டி வைப்பது நல்லது.

உன் சேர் சொன்னதும் உண்மை, அந்த அண்ணன் சொன்னதும் உண்மை. இருவரும் வெவ்வேறு கப்பல்களைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். நான் ஓ.எஸ். ஆக ஏறி, ஏபியாகி, போசனாக ஓய்வு பெற்றவன். ஒரே கம்பனியின் இரண்டு கப்பல்கள், ஒரே பெயின்ட், ஒரே சேஃப்டி மெனுவல். ஒன்றில் நிம்மதியாக வேலை செய்யலாம். மற்றதில் ஏறிய அன்றே வயிற்றைக் கலக்கும். யாராவது ஒருவன் "பொறுங்கள்" என்று சொன்னதும் மேலே இருக்கிறவர் முகம் எப்படி மாறுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மஸ்கெலியா தம்பி சொல்வதில் தூக்க விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் இரண்டு மாதம் பேசாமல் இரு என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். புதிதாக ஏறியவனைத்தான் முதலில் டேங்குக்குள் இறக்குவார்கள்.

இந்த உரிமை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள். 1987 மார்ச் 6ஆம் திகதி ஹெரல்ட் ஒஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற கப்பல் பெல்ஜியத்தின் சீப்ரூக் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. வாகனங்களும் பயணிகளும் ஏறுகிற கப்பல். முன்பக்கக் கதவு திறந்தபடியே இருந்தது. மூட வேண்டிய உதவிப் போசன் கெபினில் தூங்கிக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்த அந்தத் தளத்திலிருந்து கடைசியாகப் போனவர் போசன். அதை மூடுவது தன் கடமையில் சேர்ந்ததல்ல என்று அவர் நினைத்தார். பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டுகிற மேல்தளத்தில், இருந்த கெப்டனுக்குக் கதவு மூடியதா இல்லையா என்று தெரிய வழியே இல்லை. வெளியே வந்து வேகம் எடுத்ததும் வாகனத் தளத்துக்குள் தண்ணீர் புகுந்தது. சில நிமிடங்கள்கூட ஆகவில்லை, கப்பல் சரிந்தது. 193 பேர் போனார்கள்.

இதற்கு முன்பே அதே கம்பனியின் கெப்டன்கள், கதவு மூடியிருக்கிறதா என்று காட்ட பிரிட்ஜில் ஒரு விளக்கு வையுங்கள் என்று எழுதிக் கேட்டிருந்தார்கள். கரையில் இருந்தவர்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. விசாரணை நடத்திய நீதிபதி ஷீன், மேலிருந்து கீழ்வரை அந்தக் கம்பனி முழுவதையும் அலட்சியம் ஒரு நோய் மாதிரிப் பிடித்திருந்தது என்று எழுதினார். கப்பலில் இருந்தவர்களோடு சேர்த்துக் கரையில் நாற்காலியில் இருந்தவர்களையும் குற்றம் சொன்ன அறிக்கை அது. போசன் வேலை பார்த்த காலம் முழுக்க அந்தப் போசன் என் நினைவில் இருந்தார். கெட்ட மனிதர் என்று நான் நினைக்கவில்லை. என் வேலை இல்லை, நமக்கேன் வம்பு என்று நினைப்பது எவ்வளவு சாதாரணமான விஷயம்!

அதன் பிறகுதான் ஐ.எஸ்.எம். கோட் என்கிற, கப்பலைப் பாதுகாப்பாக நடத்துவதற்கான சர்வதேச விதித்தொகுப்பு வந்தது. 1998 ஜூலையில் பயணிகள் கப்பல், டேங்கர், உன் பல்க் கெரியர் எல்லாவற்றுக்கும் கட்டாயமானது. 2002 ஜூலையில் மற்றச் சரக்குக் கப்பல்களுக்கும். ஒவ்வொரு கம்பனியும் கரையில் ஒருவரை இதற்கென்று நியமிக்க வேண்டும், டி.பி.ஏ. என்போம். கம்பனியின் ஆக மேலிடத்தோடு நேரடியாகப் பேசக்கூடியவராக அவர் இருக்க வேண்டும். பெயரும் தொலைபேசி இலக்கமும் கப்பலில் ஒட்டியிருக்கும். ஏறிய அன்றே எழுதிக்கொள்.

சரி, கப்பலை எப்படிப் படிப்பது? காலையில் வேலை தொடங்குமுன் டூல்பொக்ஸ் மீட்டிங் வைப்பார்கள். போசனோ சீஃப் ஆபீசரோ கடதாசியைப் பார்த்து மந்திரம் மாதிரி வாசித்துவிட்டு "சைன், சைன்" என்று நீட்டினால் ஒரு மாதிரி. "இந்த வேலையில் யாருக்கு எங்கே அடிபடலாம், சொல்" என்று உன்னைப் பார்த்துக் கேட்டால் நீ நல்ல இடத்துக்கு வந்திருக்கிறாய். வேர்க் பெர்மிட், அதாவது ஆபத்தான வேலைக்கு முன் தருகிற எழுத்து அனுமதி, எப்போது எழுதுகிறார்கள் என்று பார். வேலை முடிந்த பிறகு பின்னேரம் பத்துப் பெர்மிட்டுக்கு ஒன்றாகக் கையெழுத்துப் போடுகிற கப்பல்கள் உண்டு. ஓய்வு நேரப் படிவமும் அப்படித்தான். 24 மணித்தியாலத்தில் குறைந்தது 10, ஏழு நாளில் குறைந்தது 77 மணித்தியாலம் ஓய்வு என்பது சட்டம். அந்தப் 10ஐ இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது, ஒரு துண்டு 6 மணித்தியாலமாவது இருக்க வேண்டும். நீ விடியவிடிய மூரிங்கில், கப்பலைக் கயிற்றால் கட்டுகிற வேலையில், நின்ற நாளில் படிவத்தில் நீ தூங்கியதாக எழுதியிருந்தால், அந்தக் கப்பலில் வேறு என்னென்ன கடதாசி பொய்யோ! உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட ஆய்வு முழுக்க இதைப் பற்றித்தான். ஓய்வு நேரக் கணக்கைச் சரிக்கட்டுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கு அது புதினம் இல்லை.

இப்போது உன் கடைசிக் கேள்வி. ஒன்றே ஒன்றுக்குத்தான் சொல்லலாம் என்றால், மூடிக்கிடந்த இடங்களுக்கு. கப்பலை நிலைப்படுத்தத் தண்ணீர் நிரப்புகிற பலாஸ்ட் டேங்க், நங்கூரச் சங்கிலி கிடக்கிற செயின் லொக்கர், சரக்கு ஹோல்ட், ஹோல்டுக்கு இறங்குகிற ஏணிக் கூண்டு. இவை நாற வேண்டியதில்லை, புகைய வேண்டியதில்லை. இரும்பு துருப்பிடிப்பதே காற்றிலிருக்கும் ஒக்சிஜனைத் தின்றுவிடும். நிலக்கரியும், மரத்தூள் பெல்லட்டும், இரும்புத் துருவலும் அதையே செய்யும். பார்த்தால் சுத்தமான, காலியான இடம். மூச்சு முட்டுகிற உணர்வுகூட வராது. ஏணியில் நான்கு படி இறங்குவான், கை விடும், அவ்வளவுதான்.

நான் போசனாக இருந்த ஒரு பல்க் கெரியரில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு வந்தோம். ஹோல்ட் ஏணிக் கூண்டின் மூடியைத் திறந்து, உள்ளே விழுந்திருந்த ஒரு டோர்ச்சை எடுக்கச் சொன்னார் சீஃப் ஆபீசர். மேல் தட்டிலேயே கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கிடந்தது. பிலிப்பைன்ஸ் பையன் ஒருவன், ஓ.எஸ்., உன் வயதுதான் இருக்கும். ஒரு காலை உள்ளே வைத்தவன் நிறுத்திவிட்டு, "சேர், மீட்டர்?" என்றான். ஒரே ஒரு சொல். காற்றில் ஒக்சிஜன் எவ்வளவு என்று காட்டுகிற கருவியைத்தான் கேட்டான். சீஃப் ஆபீசர் முகம் சிவந்தது, நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு அவர் ஒன்றும் பேசாமல் மீட்டரை எடுத்துவரச் சொன்னார். குழாயை இறக்கினோம். வாசல் பக்கம் ஒக்சிஜன் 20.9 சதவீதம், வெளிக்காற்றில் இருக்கிற அளவு. டோர்ச் கிடந்த தட்டில் 15. இன்னும் கொஞ்சம் கீழே 8. அலாரம் கத்தத் தொடங்கிவிட்டது.

மூடியைப் பூட்டி, போர்டு தொங்கவிட்டோம். டோர்ச் அங்கேயே கிடந்தது. அடுத்த நாள் காலை மீட்டிங்கில் சீஃப் ஆபீசர் எல்லோருக்கும் முன்னால் அந்தப் பையனின் பெயரைச் சொல்லி, "நேற்று நான் அவசரப்பட்டேன், இவன் என்னைத் தடுத்தான்" என்றார். அதற்குப் பிறகு நான் இறங்கும்வரை அந்தக் கப்பலில் மீட்டர் இல்லாமல் ஒருவரும் ஒரு மூடியைத் திறக்கவில்லை. சேஃப்டி கல்ச்சர் என்று பெரிதாகச் சொல்கிறார்களே, நான் கண்ணால் கண்டது அந்த ஒரு நிமிடத்தைத்தான். அவர் அன்றைக்குப் பையனைத் திட்டியிருந்தால், இறங்கும்வரை இன்னொருவன் வாயைத் திறந்திருக்க மாட்டான். உன் அம்மாவின் மலையில் அரைப்பேர் போட்ட பிறகு நடந்தது அதுதானே.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். உள்ளே ஒருவன் விழுந்து கிடப்பதைக் கண்டால் நீ இறங்காதே. மூடிய இடங்களில் செத்தவர்களில் காப்பாற்றப் போனவர்கள் எத்தனையோ பேர். நம் பிள்ளைகள் பாசக்காரர்கள், கூட இருந்தவன் கிடந்தால் கால் தானாக ஓடும். அந்த நேரத்தில் வாசலில் நின்று அலாரம் கொடுப்பதுதான் அவனுக்கு நீ செய்யக்கூடிய உதவி. காற்று சிலிண்டர் செட் மாட்டியவர்கள்தான் இறங்க வேண்டும். ஈ.ஈ.பி.டி. என்று ஒரு சின்ன செட் இருக்கும், அது தப்பி வெளியே வருவதற்கு மட்டும். ஃபில்டர் முகமூடியால் இல்லாத ஒக்சிஜனைக் கொண்டுவர முடியாது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இதற்கு டிரில் செய்ய வேண்டும் என்று 2015இலிருந்து சட்டம். மீட்டர் கப்பலில் இருக்க வேண்டும் என்று 2016 ஜூலையிலிருந்து சட்டம். ஏறிய வாரத்திலேயே "மீட்டர் எப்படி வேலை செய்கிறது, எனக்குக் காட்டுங்கள்" என்று கேள். படிக்க ஆசைப்படுகிற பையன் என்றுதான் நினைப்பார்கள், ஒருவரும் கோபிக்க மாட்டார்கள்.

அடுத்தது கயிறு. கப்பலைத் துறைமுகத்தில் கட்டும்போது இழுபட்டு நிற்கிற கயிறு அறுந்தால் அது திரும்பி வருகிற வேகத்துக்குத் தலையைத் திருப்பக்கூட நேரம் இருக்காது. முன்பெல்லாம் டெக்கில் ஆபத்தான இடத்தை மட்டும் வரைந்து வைப்பார்கள். இப்போது அப்படி வரைய வேண்டாம், மூரிங் டெக் முழுவதையுமே ஆபத்தான இடமாக நினையுங்கள் என்று சொல்கிறார்கள். சுருண்டு கிடக்கும் கயிற்றின் வளைவுக்குள் கால் வைக்காதே, இழுபட்ட கயிற்றின் நேரில் நிற்காதே. போசன் கூப்பிட்டாலும் சுற்றிக்கொண்டு போ.

அப்புறம் ஒன்று, நம் ஊர்க்காரன் என்பதால் சொல்கிறேன். துரையின் ஜீப் வந்தால் பாதையை விட்டு இறங்கி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அதிகாரிக்கு முன்னால் வாய் எழும்பாது. சொன்னது விளங்காவிட்டாலும் "யெஸ் சேர்" தானாக வந்துவிடும். கப்பலில் அந்த "யெஸ் சேர்" ஆளைக் கொல்லும். சொன்னதை உன் வாயால் திருப்பிச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கு. விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை என்று சொல். மரியாதை இல்லாதவன் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். நல்ல ஆபீசர் அதைத்தான் எதிர்பார்க்கிறார்.

தலவாக்கலை அக்கா எழுதியது:

நான் கப்பலுக்குப் போனவள் இல்லை, என் கணவர் கப்பலில் சாப்பாடு பரிமாறுகிற மெஸ்மேனாகப் போகிறார். வீட்டில் இருப்பவர்கள் பக்கத்திலிருந்து சில விஷயம்.

தம்பி, ஏஜென்சி உங்களிடம் வேலை வாங்கித் தருவதற்குப் பணம் கேட்டதா? எங்களிடம் ஓர் இடத்தில் கேட்டார்கள், நகையை அடகு வைக்கவும் நாங்கள் தயாராக இருந்தோம். பிறகுதான் விசாரித்தோம். எம்.எல்.சி. என்கிற கடல் தொழிலாளர் சட்டத்தின்படி வேலைக்கு அமர்த்துவதற்குக் கடலோடியிடம் கட்டணம் வாங்கவே கூடாது. மருத்துவச் சான்றிதழ், சி.டி.சி. என்கிற கடலோடிப் புத்தகம், பாஸ்போர்ட் இவற்றுக்கு மட்டும்தான் நம் செலவு. இலங்கையும் 2017இல் அதில் சேர்ந்துவிட்டது. நாங்கள் அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு ஏஜென்சி மூலம் போனோம். பாதுகாப்பைப் பற்றிய பேச்சில் இதை ஏன் சொல்கிறேன் என்றால், கடன் தலையில் இருக்கிறவனால் "முடியாது" என்று சொல்ல முடியாது. முதல் மூன்று மாதச் சம்பளம் கடனுக்குப் போகிறது என்றால், எந்த டேங்குக்குள் இறங்கச் சொன்னாலும் இறங்குவான்.

கொன்ட்ராக்டின் ஒரு பிரதியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். கப்பலின் பெயர், அதன் அடையாள எண்ணான ஐ.எம்.ஓ. இலக்கம், கம்பனி, போசன் அண்ணன் சொன்ன டி.பி.ஏ. இலக்கம் எல்லாம் ஒரு கடதாசியில் எழுதி வையுங்கள். என் கணவர் கலியில், கப்பல் சமையலறையில், கொதி எண்ணெய் கொட்டிக் கை வெந்து வீட்டுக்கு வந்தபோது அந்தக் கடதாசிதான் எங்களைக் காப்பாற்றியது. வேலையில் அடிபட்டால் வைத்தியச் செலவு கப்பல் கம்பனியுடையது, வீட்டுக்கு அனுப்பும் செலவும் அவர்களுடையது. சுகமாகும்வரை சம்பளமும் வர வேண்டும், அதற்குக் குறைந்தது 16 வாரத்துக்குப் பொறுப்பு உண்டு. இது எனக்கு முதலிலேயே தெரிந்திருந்ததால் ஃபோனில் தைரியமாகப் பேச முடிந்தது. உங்கள் அம்மாவுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். அவர்களுக்கு வாசிக்கக் கஷ்டம் என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரிடமாவது சொல்லி வையுங்கள்.

கொட்டகலைப் பையன் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அம்மா இப்போது சுகம், போசன் அண்ணே. டொக்டரிடமும் காட்டுகிறோம்.

அக்கா, ஏஜென்சி பணம் கேட்கவில்லை. ஆனால் பயிற்சிக்கும் கொழும்பில் தங்கியதற்கும் அப்பா கடன் எடுத்திருக்கிறார். நீங்கள் சொன்னது எனக்குச் சரியாகப் பொருந்துகிறது. அதனால்தான் இன்னும் கேட்கிறேன். என் ஆங்கிலமும் அவ்வளவு நன்றாக இல்லை. அந்தப் பிலிப்பைன்ஸ் பையன் மாதிரி நான் சொல்லி, சீஃப் ஆபீசர் அந்த அண்ணன் சொன்ன மாதிரியான ஆளாக இருந்தால் அப்புறம் என்ன செய்வது? வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா?

பதுளை ஈ.டி.ஓ. எழுதியது:

நான் கப்பலில் மின்சார வேலை பார்ப்பவன். போசன் அண்ணன் டெக் பக்கத்தைச் சொல்லிவிட்டார், நான் ஒன்று மட்டும் சேர்க்கிறேன்.

2024 மார்ச் 26ஆம் திகதி அதிகாலை அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் டாலி என்ற கொள்கலன் கப்பல் மின்சாரம் போய்ப் பாலத்தில் மோதியதே, அது கொழும்பை நோக்கிப் புறப்பட்ட கப்பல். இந்தியர்களோடு நம் நாட்டவர் ஒருவரும் அதில் வேலை செய்தார். பாலத்தில் பள்ளம் அடைத்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 6 பேர் இறந்தார்கள். அமெரிக்க விசாரணைச் சபை கடைசியில் கண்டுபிடித்த காரணத்தைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு சிக்னல் வயரில் பெயர் எழுதிச் சுற்றுகிற லேபிளைச் சரியான இடத்தில் போடவில்லை. அதனால் வயர் முனை டெர்மினலுக்குள் முழுமையாகப் போகாமல் தளர்ந்து இருந்தது. அவ்வளவு பெரிய கப்பல், விரல் நகமளவு லேபிள்.

என் சுவிட்ச்போர்டுகளில் ஆயிரக்கணக்கான வயர் இருக்கிறது. அந்த அறிக்கைக்குப் பிறகு நான் கப்பலுக்குப் போனதும் ஒவ்வொரு பெனலாகத் திறந்து, ஒவ்வொரு வயரையும் மெதுவாக இழுத்துப் பார்த்தேன். சீஃப் எஞ்ஜினியர் நேரம் கொடுத்தார். நேரம் கொடுப்பதும் பாதுகாப்புத்தான் தம்பி, அதைக் கொடுக்காத இடத்தில் எந்த உரிமையும் பயன்படாது.

அதே இரவில் இன்னொன்றும் நடந்தது. கப்பல் கட்டுப்பாட்டில் இல்லை என்று, துறைமுகத்தில் கப்பலுக்கு வழிகாட்டுகிற பைலட் உடனே அறிவித்ததால் பொலிசார் பாலத்தின் இரு பக்கமும் வாகனங்களை நிறுத்திவிட்டார்கள். வெட்கப்படாமல், தாமதிக்காமல், "எங்களுக்குப் பிரச்சினை" என்று சொன்னதால் தப்பிய உயிர்கள் அவை. கீழே இருக்கிறவன் சொன்னாலும் சரி, மேலே இருக்கிறவன் சொன்னாலும் சரி, நேரத்துக்குச் சொல்ல வேண்டும்.

ஹப்புத்தளை போசன் எழுதியது:

தம்பி, மறைக்காமல் சொல்கிறேன். பாதுகாப்புக்காகக் கேள்வி கேட்டவனைப் பழிவாங்கக் கூடாது என்று எம்.எல்.சி.யில் எழுதியிருக்கிறது. கப்பலிலேயே முறைப்பாடு செய்யும் வழி என்ன என்று ஒரு கடதாசி, கொன்ட்ராக்டோடு உனக்குத் தர வேண்டும். தராவிட்டால் கேட்டு வாங்கு. ஆனால் மோசமான ஓர் ஆபீசர் உன்னைப் பற்றி நல்ல ரிப்போர்ட் எழுத மாட்டார் என்பதும் உண்மைதான். அந்தக் கம்பனியில் இரண்டாவது கொன்ட்ராக்ட் கிடைக்காமல் போகலாம். எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு அப்படி நடந்தது. சில மாதம் வீட்டில் இருந்தான், பிறகு வேறு கம்பனிக்குப் போனான், இப்போது ஏபி. அவனுடைய அப்பாவும் கடன் எடுத்திருந்தார். உன் அப்பாவிடம் இதைப் போகுமுன்பே பேசிவிடு. "ஒரு நாள் நான் முடியாது என்று சொல்ல வேண்டி வரலாம், அப்படி வந்தால் கடனுக்கு என்ன செய்வோம்" என்று. வீட்டில் பேசி வைத்தவனுக்குத்தான் அந்த நேரத்தில் நா எழும்பும்.

எப்படிச் சொல்வது என்றால், மறுக்கிற மாதிரிச் சொல்லாதே, முறையைக் கேட்கிற மாதிரிச் சொல். "சேர், கேஸ் செக்?" "சேர், பெர்மிட்?" "சேர், ஸ்டேன்ட்பை மேன்?" (வாசலில் காவல் நிற்கிற ஆள்). இதற்கு ஆங்கிலம் தேவையில்லை, இரண்டு சொல் போதும். அவர் அந்த முறையை மீறச் சொன்னால், அவர் தானே அதை எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டி வரும். அந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் பின்வாங்குவார்கள். அதற்கும் மேல் வற்புறுத்தினால் "நொட் சேஃப் சேர்" என்று சொல்லிவிட்டு இரண்டடி பின்னால் போய் நில். கத்தாதே, வாதாடாதே. போசனைக் கூப்பிடு. என்னைப் போன்றவர்கள் அதற்குத்தான் இருக்கிறோம், ஆபீசருக்கும் பையன்களுக்கும் நடுவில் நிற்பதற்கு. அப்புறம் கெப்டன், அதற்கும் பிறகு டி.பி.ஏ. நடந்ததைத் திகதி, நேரம், இடம் போட்டு உன் கொப்பியில் எழுதிவை. தமிழில் எழுதினால் போதும். துறைமுகத்தில் சோதனைக்கு வருகிற அதிகாரிகளிடமும் முறையிடலாம். சீஃபேரர்ஹெல்ப் என்று கடலோடிகளுக்கு 24 மணித்தியாலமும் இலவசமாக உதவி செய்கிற ஓர் இடமும் இருக்கிறது.

சொன்னால் எப்போதும் கேட்பார்கள் என்று உனக்கு நான் பொய் சொல்ல மாட்டேன். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் உனக்கு ஞாபகம் இருக்கும். நைட்ரிக் அமிலக் கொள்கலன் ஒன்று ஒழுகுகிறது என்று கப்பலில் இருந்தவர்களுக்கு முன்பே தெரியும். கட்டாரின் ஹமாத் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹசீராவிலும் அதை இறக்கக் கேட்டார்கள், இரண்டு இடத்திலும் முடியாது என்று விட்டார்கள். ஒழுகிய பெட்டியோடு நம் கடலுக்கு வந்து, மே 20இல் தீப்பிடித்து, ஜூன் 2இல் மூழ்கத் தொடங்கியது. கப்பலில் இருந்த 25 பேரும் உயிர் தப்பினார்கள். நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் பட்ட பாட்டை ஊரே பார்த்தது. சொல்கிறவன் இருந்தால் மட்டும் போதாது, அதைக் கேட்டு ஏதாவது செய்கிறவனும் வேண்டும். நீ ஒரு நாள் போசன் ஆனால் அந்த இடத்தில் நீ இருப்பாய்.

இப்போதைக்கு ஒரு வேலை செய். கப்பல் வழக்கமாக என்ன சரக்கு ஏற்றுகிறது, எந்தப் பாதையில் ஓடுகிறது என்று ஏஜென்சியில் கேட்டு இங்கே எழுது. நிலக்கரியா, தானியமா, உலோகக் கொன்சென்ட்ரேட்டா, மரமா என்பதைப் பொறுத்து நான் சொல்ல வேண்டியது மாறும். தானியம் என்றால் பூச்சி மருந்துப் புகையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.